ஓடை, வாய்க்கால், கால்வாய்: மூன்றும் ஒன்றா?

கேட்டவரின் நிலப் பத்திரத்தில் கிழக்கெல்லை ‘ஓடை’ என்றும் தெற்கெல்லை ‘வாய்க்கால்’ என்றும் எழுதியிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் இரண்டும் சீமைக்கருவேலம் மண்டிய குழிகளாகவே கிடக்கின்றன. மகளின் பாடப்புத்தகத்திலோ மூன்றாவதாகக் ‘கால்வாய்’ என்றொரு சொல் வருகிறது. மூன்றும் ஒரே பொருளுக்கு வழங்கும் மூன்று பெயர்களா, பெரியது சிறியது என்ற அளவு வேறுபாடுதானா என்று கேட்டிருக்கிறார். சொல்லைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது இதுவென்று நினைக்கிறேன்: தானாக ஓடும் நீருக்கும் மனிதர் வெட்டி ஓடவிட்ட நீருக்கும் தமிழ் வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறதா, வைத்திருந்தால் அந்தப் பெயரை நம்பி நிலத்தில் எல்லைக்கோடு போடலாமா? நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். கல்வெட்டு வாசிப்பு ஓய்வுக்குப் பின் வந்த பழக்கம்; மொழியியலை முறையாகப் படித்தவன் அல்லேன். ஆகவே களத்தில் கண்டதை உறுதியாகவும், சொற்பிறப்பைத் தயக்கத்தோடும் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். ஓடை வேறு, வாய்க்கால் வேறு. இதில் ஐயமே இல்லை. ஓடை தானாக உண்டானது, வாய்க்கால் வெட்டப்பட்டது. வாய்க்காலும் கால்வாயும் ஒரே குடும்பம்; அவற்றுக்கிடையே இன்று காணும் வேறுபாடு பெரும்பாலும் வட்டார வழக்கும் எழுத்து வழக்கும் உண்டாக்கியது. அகலம், ஆழம், நீளம் ஆகிய எதுவும் இந்தப் பெயர்களைத் தீர்மானிப்பதில்லை. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, போகிற வழியில் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பார்த்தே நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மதிப்பீட்டுக்காக அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த நீர்வழியை நான் வாய்க்கால் என்று குறிப்பேட்டில் எழுதினேன். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “வாய்க்காலுங்களா? இது பள்ளமுங்க. வாய்க்காலுன்னா அதுக்கு ஒரு வாய் இருக்கோணுமில்லீங்க? இதுக்கு ஏதுங்க வாய்?” என்றார். ஓடையைத்தான் அந்தப் பக்கம் பள்ளம் என்பார்கள். சிரித்துவிட்டு அடித்து எழுதினேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது புரிந்தது. வாய்க்காலுக்கு ஒரு தொடக்கம் உண்டு. ஆற்றிலோ ஏரியிலோ ஓர் இடத்தில் கரையைத் திறந்து மதகோ மடையோ வைத்து நீரை உள்ளே விடுகிறோம். அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டலாம். ஓடைக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. மேலே போகப்போக இரண்டாகவும் நான்காகவும் பிரிந்து, மழைத்தண்ணீர் வழிந்த தடங்களாகி, மேட்டில் கரைந்துவிடும்.

அடையாளம் காண இன்னும் உறுதியான வழி உண்டு. ஓடை எப்போதும் நிலத்தின் தாழ்ந்த கோட்டில் போகும். இருபுறத்திலிருந்தும் நீர் சரிந்து அதில் வந்து விழும். பாசன வாய்க்கால் தான் நீர் கொடுக்கும் வயல்களைவிட மேட்டில் போகும். இல்லாவிட்டால் தண்ணீர் வயலுக்குப் பாயாது. சரிவின் ஓரமாக வெட்டிய வாய்க்காலுக்கு மேட்டுப்புறம் கரை தேவைப்படாது, தாழ்ந்த புறத்தில் மட்டும் மண் கொட்டிக் கரை போட்டிருப்பார்கள். தூர்ந்து போன பின்னும் இந்த ஒற்றைக் கரையின் மேடு பல ஆண்டுகள் நிலத்தில் தெரியும். ஓடை போகப்போகக் கிளைகள் சேர்ந்து அகலமாகும்; வாய்க்கால் ஒவ்வொரு மடையிலும் நீரைக் கொடுத்துக் கொடுத்துக் கடைமடையில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு ஒடுங்கிவிடும். ‘தலைமடைக்காரன்’, ‘கடைமடைக்காரன்’ என்ற பேச்சு ஓடைக்கரையில் எழாது. கடைமடை என்று ஒன்று இருக்கிறதென்றால் அங்கே இருப்பது பாசன வாய்க்கால்தான்.

வளைந்து போவதை வைத்து மட்டும் ஓடை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காளிங்கராயன் வாய்க்கால், பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே கட்டிய அணையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பாம்பு போல் வளைந்து நொய்யலை எட்டுகிறது. நில மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போவதால் வந்த வளைவு அது. வெட்டியவர்களின் கணக்குதான் அந்த நெளிவில் தெரிகிறது. ஓடை வளைவது வேறு விதம். அதில் வெளிவளைவில் கரை அரிக்கப்பட்டுச் செங்குத்தாக நிற்கும், உள்வளைவில் மணல் ஒதுங்கிக் கிடக்கும்.

கூடுவது ஓடை, குறைவது வாய்க்கால் என்று சொன்னேன். இதற்கு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காட்டிலும் மேட்டிலும் விழும் மழைநீரைத் திரட்டிக் கண்மாய்க்கோ ஏரிக்கோ கொண்டுவரும் வரத்துக்கால் மனிதர் வெட்டியதே. ஆனால் அது ஓடையைப் போலப் போகப்போகக் கூடும். வயலில் மிஞ்சிய நீரை வாங்கிக்கொண்டு போகும் வடிகாலும் அப்படித்தான். அதனால்தான் வெறுமனே ‘கால்’ என்று நிறுத்தாமல் வரத்து, வடி என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து நீரின் போக்கைச் சொல்கிறோம். காவிரிப் படுகையின் கடைக்கோடியில் ஒரே வாய்க்கால் மேலே உள்ள வயலுக்கு வடிகாலாகவும் கீழே உள்ள வயலுக்குப் பாசன வாய்க்காலாகவும் இருப்பதைப் பார்க்கலாம். அங்கே பெயர் எந்த ஊர்க்காரரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

இந்தக் குடும்பத்தின் வேர்ச்சொல் ‘கால்’. இன்று கால் என்றால் உடல் உறுப்பு முதலில் நினைவுக்கு வரும், அடுத்து நான்கில் ஒரு பங்கு வரும். வெட்டிய நீர்வழி என்ற பொருள் பின்னே போய்விட்டது. பழைய ஆவணங்களில் அதுவே முன்னால் நிற்கிறது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் 7-ஆம் நூற்றாண்டுக் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பரமேசுவர தடாகத்துக்கு வெட்டப்பட்ட பெரும்பிடுகு என்ற காலைக் குறிப்பிடுகிறது. பல்லவர், சோழர் ஆவணங்களில் ஆற்றுக்கால், வெள்ளக்கால், ஊற்றுக்கால் என்றெல்லாம் வருவன எந்த நீரைக் கொண்டுவருகிறது என்பதை வைத்து எழுந்த பெயர்கள். தாமிரபரணிக் கரையில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. மருதூர் அணையிலிருந்து மேலக்காலும் கீழக்காலும், ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. அந்தப் பக்கத்து விவசாயி ‘வடகாலில் தண்ணீர் வந்துவிட்டதா’ என்று கேட்டால் வெளியூர்க்காரருக்குத் தலையும் காலும் புரியாது.

ஊற்றுக்காலைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன்; பாலாற்றிலும் செய்யாற்றிலும் இதைப் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆற்றில் மேலே தண்ணீர் இருக்காது, வெறும் மணல்தான். மணலுக்கடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கும். ஆற்றுப்படுகையில் மணலைச் சாய்வாகத் தோண்டி வாரிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நீர் கசிந்து வெளியே வரும். அந்தப் பள்ளத்தின் அடிமட்டம் ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் இருக்குமாறு வெட்டி, சில கிலோமீட்டர் தள்ளிக் கரையேற்றி வயலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வந்தால் முழுவதும் தூர்ந்துவிடும், மறு ஆண்டு மீண்டும் ஊர் கூடித் தோண்ட வேண்டும். நீர் ஊறுவது இயற்கை, ஓடுவது மனித உழைப்பு. ‘ஊற்று’, ‘கால்’ என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து இதைச் சரியாகச் சொல்லிவிடுகின்றன. மணல் அள்ளப்பட்ட ஆறுகளில் இந்தக் கால் வெட்ட மணலே இல்லை.

‘வாய்’ என்ற பகுதியும் பழையது. நீர் உள்ளே புகும் திறப்பு வாய்; அது தொடங்கும் இடம் வாய்த்தலை அல்லது தலைவாய். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், ‘காவிரிப் புதுநீர்க் கடுவரல் வாய்த்தலை’ ஓயாமல் ஒலிக்கும் ஒலி வருகிறது. புதுவெள்ளம் மதகுப் பலகைகளில் மோதி இறங்கும்போது எழும் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு அந்த வரி எழுதியவரும் அங்கே நின்று கேட்டவர் என்பது தெரியும். வாயை உடைய கால் வாய்க்கால் என்று பெரியவர் சொன்ன விளக்கம் இதனோடு பொருந்துகிறது. ஆனால் கால்வாய் என்ற சொல் அதே இரண்டு பகுதிகளை இடம் மாற்றி வைத்ததுதானா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தெலுங்கில் காலுவ, கன்னடத்தில் காலுவெ என்று அதே பொருளில் சொற்கள் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்துப் பார்த்தால், ‘வாய்’ தனிச் சொல்லாக வந்து ஒட்டியதா, பழைய ஈறு ஒன்று நம் காதுக்கு வாய் என்று பட்டதா என்று இரண்டு விதமாகவும் வாதாடலாம்.

இன்றைய வழக்கில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பெரியது கால்வாய், சிறியது வாய்க்கால் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். கப்பல் போகும் நீர்வழியைப் பொறுத்தவரை இது சரி: 1869-இல் திறந்த சூயஸும் 1914-இல் திறந்த பனாமாவும் கால்வாய்களே, சூயஸ் வாய்க்கால் என்று யாரும் எழுத மாட்டார்கள். படகுப் போக்குவரத்துக்கென்று பகுதி பகுதியாக வெட்டி, 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக நீட்டி இணைத்த பக்கிங்ஹாம் கால்வாயும் அப்படியே. பாசனத்துக்கு வந்தால் இந்த விதி நிற்காது. கீழ்பவானித் திட்டத்தின் நீர்வழி 200 கிலோமீட்டர் நீளம். அரசுக் குறிப்பில் பிரதான கால்வாய் என்றாலும் ஈரோடு மாவட்டத்து விவசாயிக்கு அது கீழ்பவானி வாய்க்கால்தான். அதிலிருந்து பிரிவது கொப்பு வாய்க்கால். கொப்பு என்றால் மரக்கிளை. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமும் வாய்க்கால் என்பதே பேச்சு: உய்யக்கொண்டான் வாய்க்காலை எடுத்துக்கொள்ளலாம். தெற்கே திருநெல்வேலியில் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய் என்று மறுபக்கம் சாய்கிறது. இன்னும் தெற்கே நாஞ்சில் நாட்டில் இரண்டையும் விட்டுவிட்டுச் ‘சானல்’ என்கிறார்கள். தோவாளை சானல் என்றே சொல்லிப் பழகிவிட்டது. சென்னையில் கால்வாய் என்றால் பலருக்கும் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், ஏனென்றால் அங்கே அது கழிவுநீர் போகும் வழியின் பெயராகிவிட்டது. ஆக, அளவைவிட ஊரே இந்தச் சொல்லைத் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு.

இயற்கையா செயற்கையா என்ற கேள்வி மிகவும் சிக்கலாவது ‘ஆறு’ என்ற சொல்லில்தான். ஆறு என்று பெயர் இருந்தால் அது தானாக உண்டானது என்று நினைத்துவிடுகிறோம். காவிரிப் படுகையில் அப்படி நினைக்க முடியாது. முடிகொண்டான் ஆறு, வீரசோழன் ஆறு, கீர்த்திமான் ஆறு என்று சோழ மன்னர்களின் பட்டப்பெயர்களைத் தாங்கியவை அங்கே ஆறுகளாகவே எண்ணப்படுகின்றன. வெட்டாற்றின் பெயரிலேயே வெட்டு இருக்கிறது. இவை அடிமுதல் நுனிவரை புதிதாக வெட்டப்பட்டவையா, கிடந்த பழைய கிளையொன்றைத் திருத்தி ஆழப்படுத்தி அரசன் தன் பெயரை வைத்துக்கொண்டானா என்பதைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. படுகை நிலத்தில் ஆறே அடிக்கடி தடம் மாறுவதால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நம் காலத்துக்கு வந்தால் ஐயமில்லை. மேட்டூர் அணையோடு 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூரில் ‘புதாறு’ என்பார்கள், அதாவது புது ஆறு. நாஞ்சில் நாட்டில் வெட்டிய ஒன்றுக்குப் ‘புத்தனாறு’ என்று பெயர். இரண்டு ஊரும் ஒன்றையொன்று கேட்காமலேயே ஒரே பெயரை வைத்திருக்கின்றன.

இதற்கு நேர்மாறாக, மிகச் சிறிய ஒன்றுக்கும் ஆறு என்ற பெயர் உண்டு. சோழர் காலத்தில் பிராமணருக்குக் கொடையாக விட்ட பிரமதேய ஊர்களில், உத்தரமேரூர் போன்ற இடங்களில், நிலத்தின் இருப்பிடத்தை ‘இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, 3-ஆம் கண்ணாற்று 2-ஆம் சதிரம்’ என்ற பாணியில் எழுதினார்கள். வதி என்ற வழி தெற்கு வடக்காகவும் வாய்க்கால் கிழக்கு மேற்காகவும் ஓட, நிலம் சதிரம் என்ற கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இதில் வரும் கண்ணாறு வாய்க்காலிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகும் கிளை. அதைத் தாண்ட ஓர் எட்டு போதும். நில அளவைத் துறையின் வரைபடம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாய்க்காலே இந்த நாட்டில் நிலத்தின் முகவரியாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

‘ஆறு என்றால் வழி, நீர் தன் வழியே போவதால் நதிக்கு ஆறு என்று பெயர்’ என்ற விளக்கத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேட்க அழகாக இருக்கிறது, மேடையில் கைதட்டலும் வாங்கும். வழி என்ற பொருளில் ஆறு பழைய சொல் என்பது உறுதி. திருக்குறளின் ‘அறத்தாறு’, சங்க காலத்து ‘ஆற்றுப்படை’ இரண்டும் அதுதான். ஆனால் நீர் ஓடும் ஆற்றின் பழைய வடிவம் ‘யாறு’. புறநானூற்று 192-ஆம் பாட்டில் ‘மல்லற் பேர்யாறு’ என்று வருகிறது. வழியைக் குறிக்கும்போது யகரம் வருவதில்லை. யாரும் யாற்றுப்படை என்று பாடவில்லை. தமிழில் யாண்டு, யானை என்பவை தெலுங்கில் ஏடு, ஏனுகு என்று ஆவதைப் போலவே யாறும் அங்கே ஏறு ஆகிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இந்த இரண்டு சொற்களையும் தனித்தனிப் பதிவுகளாக வைத்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே சொல் என்பதை நான் ஏற்கவில்லை. பிற்காலத்தில் யகரம் உதிர்ந்து ஒலி ஒன்றானபின் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம்.

ஓடைக்குத் திரும்புகிறேன். ஓடு என்ற வினையிலிருந்து வந்த சொல் என்பது வெளிப்படை. ஆனால் சங்கப் பாடல்களில் ஓடை என்றால் பெரும்பாலும் யானையின் நெற்றிப்பட்டம் என்பதை அறியாமல் பொருள் சொல்லப் போய் நான் ஒருமுறை விழித்திருக்கிறேன். நீர் ஓடும் ஓடையைக் கொங்கு நாட்டில் பள்ளம் என்பார்கள். குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம், பெரும்பள்ளம் என்று ஈரோடு மாவட்டத்து அணைகளின் பெயர்களே இதற்குச் சான்று. பள்ளம் என்றால் குழி என்று மட்டும் அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். பக்கத்துக் கன்னடத்தில் பகரம் ஹகரமாக மாறி ‘ஹள்ள’ என்று நிற்கும் சொல்லுக்கும் ஓடை என்பதே பொருள். நீலகிரியில் அந்த வடிவத்தையும் கேட்கலாம். குமரி மாவட்டத்தின் மேற்கில் மலையாளத்தோடு சேர்ந்து ‘தோடு’ என்கிறார்கள். மழை பெய்தால் மட்டும் மரத்தையும் கல்லையும் புரட்டிக்கொண்டு வருவது காட்டாறு. சென்னையில் ஓட்டேரி நல்லா என்று ஒன்று இருக்கிறது. வடக்கத்திய ‘நாலா’ என்ற சொல் ஆங்கிலேயர் வழியாக வந்து தங்கிவிட்டது, ஓடை என்பதே அதன் பொருள். செய்தித்தாள்களில் ‘ஓட்டேரி நல்லா கால்வாய்’ என்று போடும்போது ஓடை கால்வாய் என்றாகிவிடுகிறது. தானாக உண்டானதை வெட்டியதாக்கிவிடும் இந்தக் கூடுதல் சொல்லை நான் சிறு பிழையாக எண்ணவில்லை. கால்வாய் என்று எழுதிவிட்டால் அதன் இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி அகலத்தைக் குறைப்பது எளிதாகிவிடுகிறது.

ஏரியோ கண்மாயோ நிறைந்து மிச்ச நீர் வெளியேறும் இடத்துக்குத்தான் ஊருக்கொரு பெயர் அதிகம். பாண்டி நாட்டில் கலுங்கு அல்லது கலிங்கு, சென்னைப் பக்கம் கலங்கல். நீர் வழியத் தொடங்கினால் தெற்கே மறுகால் பாய்கிறது என்பார்கள். வடமாவட்டங்களில் ஏரி கோடி போகிறது என்பார்கள். ஈழத்தில் குளம் வான் பாய்கிறது, வான்கதவு திறக்கிறார்கள். மறுகால் என்ற சொல்லில் மீண்டும் நம் ‘கால்’ இருப்பதைக் கவனியுங்கள்: ஒரு கால் நீரைக் கொண்டுவந்தது, மறு கால் கொண்டுபோகிறது. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்துக்காலாகும். இடையில் எந்த இடத்தில் பெயர் மாறுகிறது என்பதில் இரண்டு ஊருக்கும் தகராறு வராமல் இருப்பது அரிது.

மடை என்றதும் ஒரு செய்தி. ‘மடையைத் திறக்க வெள்ளத்தில் மூழ்கி உயிர் கொடுத்தவர்களே மடையர், அந்தத் தியாகப் பெயரைத் திட்டாக்கிவிட்டோம்’ என்று கைபேசியில் சுற்றிவரும் குறிப்பை எனக்கே பலர் அனுப்பியிருக்கிறார்கள். மடை திறப்பவர்கள் இருந்தார்கள், அந்த வேலை ஆபத்தானது, வெள்ளக் காலத்தில் உயிர்ப்பலி நேரக்கூடியது என்பதெல்லாம் உண்மை. ஆனால் மடைப்பள்ளியில் வரும் மடைக்கு உணவு என்று பொருள், பழைய தமிழில் மடையன் என்றால் சமைப்பவன். மடம், மடமை என்ற அறியாமைச் சொற்களும் தனியே இருக்கின்றன. திட்டுச் சொல் மடமையிலிருந்து வந்திருக்கவே அதிக வாய்ப்பு. மடை திறந்தவரின் உழைப்பைப் போற்ற இந்தக் கதை தேவையில்லை.

கடைசியாக உங்கள் பத்திரம். புறம்போக்கு என்ற வகைப்பாடு ஆங்கிலேயர் காலத்து நில அளவையில் வடிவம் பெற்றதாயினும் அதன் கருத்து மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லிவிட்டு, ஊர்நத்தம், குளங்கள், ‘ஊடறுத்துப் போன வாய்க்கால்கள்’, சுடுகாடு முதலிய இறையிலி, அதாவது வரியில்லாத, நிலங்களைக் கழித்தே வரி விதித்திருக்கிறார்கள். ஊடறுத்துப் போவது என்றால் அந்த ஊரின் வழியாக வேறு ஊருக்குப் போவது. அந்த வாய்க்கால் எந்தத் தனியாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. இன்று கிராம ‘அ’ பதிவேட்டில் ஓடை, வாய்க்கால் என்று எழுதியிருப்பதும் அதே வேலையைச் செய்கிறது: இரண்டும் அரசுப் புறம்போக்கு, இரண்டையும் ஆக்கிரமிக்க முடியாது. ஈஸ்மென்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இயற்கை ஓடை என்றால் இயற்கையின் செயலால் மட்டும், இயல்பான, அறியப்பட்ட தடத்தில் ஓடுவது என்று விளக்குகிறது; ஆண்டு முழுவதும் ஓட வேண்டியதில்லை, விட்டுவிட்டு ஓடினாலும் ஓடைதான். ஆகவே உங்கள் கிழக்கெல்லையில் பத்து ஆண்டாகத் தண்ணீர் பார்க்கவில்லை என்பதனால் அது ஓடை இல்லை என்று ஆகிவிடாது. இதற்கு மேல் சட்டம் பேச எனக்குத் தகுதியில்லை, வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆனால் பதிவேட்டுச் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதை என் அனுபவத்தில் சொல்லலாம். அளவைக்காரர் கோடையில் ஒரே நாளில் பல புலங்களை அளந்தவர். காய்ந்த வரத்துக்காலை ஓடை என்றும், கரை திருத்திய ஓடையை வாய்க்கால் என்றும் எழுதியிருப்பதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

இரண்டும் அருகருகே வேறாகத் தெரிவதைப் பார்க்க விரும்பினால், குமரி மாவட்டத்தில் 1966-இல் கட்டி முடித்த மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குப் போய் வாருங்கள். மேலே தொட்டியில் பட்டணங்கால் என்ற வாய்க்கால் போகிறது, கீழே பள்ளத்தாக்கின் அடியில் பரளியாறு போகிறது; ஒன்று மேட்டைப் பிடித்துக்கொண்டு வயலைத் தேடியும், மற்றொன்று தாழ்வைப் பிடித்துக்கொண்டு கடலைத் தேடியும் போகும் வழியில் ஒன்றையொன்று தொடாமல் கடக்கின்றன. அதைப் பார்த்த கண்ணோடு உங்கள் நிலத்துக்குத் திரும்பி, நில அளவைத் துறையின் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் தெற்கெல்லைக் குழியைப் பிடித்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். கருவேலம் வழிவிடாத இடத்தில் கரைமேல் ஏறிக்கொள்ளுங்கள். கரை ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா என்பதை அப்போதே பார்த்துவிடலாம். ஓர் ஏரியின் மடையிலோ, உடைந்த மதகுக் கல்லிலோ, ஆற்றங்கரையின் பழைய திறப்பிலோ போய் நின்றீர்களானால் அது வாய்க்கால். கிழக்குக் குழியிலும் அதே போல நடங்கள். அது இரண்டு மூன்று தடமாகப் பிரிந்து, எதைப் பின்தொடர்வது என்று உங்களுக்கே தெரியாமல் மேட்டில் காணாமல் போகுமானால், பத்திரம் எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.